நாலடித் தகடும் லாரிச் சாவியும்

கேள்வி:

வணக்கம் சார். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன், வயது 27. மூன்று மாதத்துக்கு முன் இரண்டு பிஓபிடி (சரக்கு அடுக்கிய பலகையை, அதாவது பேலட்டை, ஃபோர்க்கால் தூக்கிப் போகும், நடந்து ஓட்டும் பேட்டரி வண்டி) வாங்கினார்கள், அதுவரை கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட்தான். கன்டெய்னர் லாரியின் தளம் எங்கள் டாக்கை, அதாவது சரக்கு இறக்கும் மேடையை விட ஆறு அங்குலம் உயரமாக இருக்கும், நாலடி இரும்புத் தகடு போட்டு இறக்குகிறோம். போன மாதம் லோடோடு இறங்கும்போது கான்ட்ராக்ட் பையன் ஒருவன் கால் மேல் வண்டி ஏறி இரண்டு விரல் உடைந்துவிட்டது. ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள். கான்ட்ராக்டர் தனியார் ஆஸ்பத்திரியில் காட்டிச் செலவைக் கொடுத்துவிட்டார். இப்போது தினமும் காலையில் பத்து நிமிடம் ‘கவனமாக வேலை பாருங்கள்’ என்று பேசச் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு பையன் உள்ளே இருக்கும்போதே, கேபினில் தூங்கி எழுந்த டிரைவர் லாரியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார், நாங்கள் கத்தியதால் நிறுத்தினார். பையன்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

பதில்:

தம்பி, பையன்களுக்கு என்ன சொல்லலாம் என்பதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள், எனக்கு அந்த இரண்டும்தான் கண்ணில் நிற்கிறது. ஆறு அங்குல உயரத்துக்கு நாலடித் தகடு என்பது ஒன்று. டிரைவர் கேபினில் தூங்கினார், அதாவது சாவி அவரிடமே இருந்தது என்பது இன்னொன்று. விரல் உடைந்தது முதலாவதால். இரண்டாவதால் போன வாரம் ஒரு உயிர் போயிருக்க வேண்டியது, போகவில்லை.

முதலில் தகடு. நாலடி என்றால் 48 அங்குலம், அதில் ஆறு அங்குலம் ஏறுகிறது, எட்டுக்கு ஒன்று, 12.5 சதவீதச் சரிவு. உங்கள் பிஓபிடியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பாருங்கள் (மேனேஜர் அலமாரியில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் இருக்கும், எல்லா ஊரிலும் அப்படித்தான்). அதில் அட்டவணை ஒன்று இருக்கும், எவ்வளவு சரிவு ஏறும் என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள், லோடோடு ஒன்று, காலியாக ஒன்று. நடந்து ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலும் லோடோடு 6 அல்லது 8 சதவீதம், காலியாக 16 என்கிற மாதிரி இருக்கும். உங்கள் வண்டியின் எண் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் முழு லோடோடு அந்தத் தகட்டில் இறங்குவது வண்டி செய்யக்கூடிய வேலையே இல்லை, நீங்கள் தினமும் செய்ய வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. லாரி வந்து நிற்கும்போது ஆறு அங்குலம் என்று அளந்திருப்பீர்கள். லோடு இறங்க இறங்கப் பட்டை ஸ்பிரிங் நிமிரும், தளம் மேலே வரும். ஓர் அங்குலமோ இரண்டோ, லாரியைப் பொறுத்தது. எட்டு அங்குலம் ஆகிவிட்டால் அதே நாலடித் தகடு ஆறுக்கு ஒன்று ஆகிவிடுகிறது. ஆக, கடைசி பேலட்டுகள் வரும்போதுதான் தகடு மிகச் செங்குத்து, பையனும் அப்போதுதான் களைத்துப் போயிருப்பான், வெளியே அடுத்த லாரியும் அப்போதுதான் ஹாரன் அடிக்கும். விபத்து எத்தனையாவது பேலட்டில் நடந்தது என்று கேட்டுப் பாருங்களேன்.

இப்போது அந்தப் பையன் எங்கே நின்றிருந்தான் என்று பார்ப்போம். ஃபோர்க்லிஃப்டில் சரிவு என்றால் லோடு மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நடந்து ஓட்டும் பேலட் டிரக்கில் அது அப்படியே மாறும்: ஃபோர்க் பள்ளத்துப் பக்கம், மனிதன் மேட்டுப் பக்கம், ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி, லோடு இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. காரணம் எளிது, வண்டி உருண்டால் உங்களை விட்டு விலகி உருள வேண்டும். லாரித் தளம் டாக்கை விடத் தாழ்வாக இருந்தால் இது தானாகவே அமைந்துவிடும், ஃபோர்க்கை முன்னால் விட்டு இறங்குவீர்கள், லோடை இழுத்துக்கொண்டு மேலே வருவீர்கள், நீங்கள் எப்போதும் மேலே. உங்கள் டாக்கில் லாரி உயரம். பையன் ஃபோர்க்கை முன்னால் விட்டு மேலே ஏறுகிறான், லோடை எடுத்துக்கொண்டு பின்னால் இறங்குகிறான், ஒரு டன் சரக்கும் வண்டியும் மேலே, அவன் கீழே. கன்டெய்னருக்குள் லோடோடு வண்டியைத் திருப்பவும் முடியாது, உள் அகலமே 2.35 மீட்டர்தான். அவனுக்கு வேறு வழியே வைக்காமல் அங்கே நிறுத்திவிட்டு, உன் கால் ஏன் அங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள்.

சரி, என்ன செய்வது? சரிவைக் குறைப்பதுதான். ஆறு அங்குலத்தை 8 சதவீதத்துக்குள் கொண்டுவர 75 அங்குலம் வேண்டும், ஆறே கால் அடி. லாரி நிமிர்வதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எட்டடிக்கு மேல். அவ்வளவு நீளத் தகட்டை இரண்டு பேர் தூக்கிப் போட முடியாது, போடவும் கூடாது, ஃபோர்க்லிஃப்டால்தான் வைக்க வேண்டும். இதற்குச் சரியான தீர்வு டாக் லெவலர்தான், டாக்கின் விளிம்பிலேயே பதித்த, ஏறி இறங்கும் தகடு. இரண்டு மீட்டர் லெவலர் போட்டால் ஆறு அங்குலத்துக்கு 7.6 சதவீதம், இரண்டரை மீட்டர் போட்டால் சுமார் 6. லாரி மேலும் கீழும் போகும்போது அதுவும் கூடவே போகும். ஆனால் டாக்கை வெட்டிக் குழி எடுக்க வேண்டும், கிடங்கு வாடகைக்கு என்றால் கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், ஆறு மாதம் இழுக்கும். தெரியும்.

அதுவரை அந்த நாலடித் தகட்டில் முழு லோடோடு வண்டியை இறக்காதீர்கள். பழையபடி ஹேண்ட் பேலட்டுக்குப் போய்விடலாமே என்று யாராவது சொல்வார்கள், அது இன்னும் மோசம், பெரும்பாலான ஹேண்ட் பேலட்டுகளில் பிரேக்கே கிடையாது. உயரமான கன்டெய்னர் வந்தால் பேலட்டை உள்ளேயே பிரித்துப் பெட்டி பெட்டியாகக் கையில் இறக்குங்கள். நேரம் ஆகும். ஆகட்டும். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் எத்தனை மணிநேரம் கூடுதலாக ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லெவலருக்கான கோப்பு பாதுகாப்பு என்ற பெயரில் நகராத இடத்தில் அந்த நோட்டைக் காட்டினால் நகரும். என் அனுபவத்தில் மூன்று இடத்தில் அப்படித்தான் நகர்ந்தது.

லெவலர் வந்த பிறகும் லாரி உயரமாக இருக்கிற வரை பையன் பள்ளத்துப் பக்கம்தான் இருப்பான், அது மாறாது. அதனால் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, வண்டிக்கு நேர் முன்னால் இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி, போகிற திசையைப் பார்த்து நடக்க வேண்டும். வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பது எல்லோருக்கும் இருக்கிற கெட்ட பழக்கம், ஹேண்ட் பேலட்டில் பழகியவர்களுக்கு இன்னும் அதிகம், ஏனென்றால் அதில் இரண்டு கையாலும் இழுத்தே பழகியிருப்பார்கள். அதே உடம்பு அதே மாதிரி பிஓபிடி முன்னாலும் போய் நிற்கும். சரிவின் கீழே வேறு யாரும் நிற்கக் கூடாது, எண்ணுகிற ஆளும் கூடத்தான். சரக்கு எண்ணுகிறவர் எங்கே நின்று எண்ணுகிறார் என்று நாளைக்கே பாருங்கள், நிச்சயம் தகட்டின் வாயில் நிற்பார்.

தகட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். அதன் அடியில் பிடிப்பு இருக்கிறதா? டாக்குக்கும் லாரிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இறங்கி மாட்டிக்கொள்கிற மாதிரி ஊக்கோ காலோ இருக்க வேண்டும். வெறும் தகடு என்றால் வண்டி மேலே ஏறும்போது ஒரு விரல் தள்ளும், இறங்கும்போது இன்னொரு விரல், பத்தாவது பேலட்டில் ஒரு முனை தொங்கும். 40 அடி கன்டெய்னரில் 1200க்கு 1000 மில்லிமீட்டர் பேலட் சுமார் 20 வரும், போக ஒரு தடவை வர ஒரு தடவை என்று 40 தடவை அந்தத் தகட்டைக் கடக்கிறீர்கள். எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டியது சரக்கின் எடையை மட்டும் இல்லை, பேட்டரியோடு வண்டி, அதை ஓட்டுகிற ஆள், எல்லாம் சேர்த்து. லாரித் தளத்தின் மேல் குறைந்தது 10 சென்டிமீட்டராவது ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் தகடு நனைந்தால் நிறுத்தித் துடைக்க வேண்டும், இந்த வண்டிகளின் பாலியூரித்தேன் சக்கரத்துக்கு ஈர இரும்பில் பிடிப்பு இருக்காது. டாக்கில் ஒரு மூட்டை மரத்தூளோ நாலு கோணியோ வைத்திருங்கள்.

அடுத்தது சாவி.

பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில் பக்கத்துப் பக்கத்து டாக்கில் இரண்டு லாரி நின்றது. ஒன்றில் வேலை முடிந்துவிட்டது, சூப்பர்வைசர் “போலாம், ரைட்” என்று கத்தினார். அடுத்த லாரியின் டிரைவர் அது தனக்குத்தான் என்று நினைத்து எடுத்துவிட்டார். உள்ளே பேலட் டிரக்கோடு ஒரு ஆள், நல்லவேளையாகக் கன்டெய்னரின் அடிக்கோடியில் இருந்தார். அதே நேரம் அவர் வாயிலில் வந்துகொண்டிருந்திருந்தால் அரை டன் வண்டி, முக்கால் டன் சரக்கு, அவர், எல்லாம் நாலடிப் பள்ளத்தில் ஒன்றாக விழுந்திருக்கும். கேட் வரைக்கும் லாரியிலேயே போய்விட்டு நடந்து திரும்பி வந்தார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். இரவு வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் எனக்கு உடம்பு நடுங்கியது.

அன்றைக்குப் பிறகு நான் எங்கே போனாலும் முதலில் போடுகிற விதி, லாரி டாக்கில் ஒட்டியதும் சாவி டிரைவரிடம் இருக்கக் கூடாது. டாக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, டாக் எண் போட்ட ஆணி, சாவி அதில் தொங்கும். தகட்டை எடுத்து, உள்ளே ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்து, கதவை மூடிய பிறகுதான் சாவி கைமாறும், அதையும் ஒரே ஒரு ஆள்தான் கொடுப்பார். வாயால் ‘ரைட்’ சொல்கிற பழக்கமே டாக்கில் இருக்கக் கூடாது. வடநாட்டு டிரைவர்கள் நிறைய வருவார்கள், தமிழில் எழுதி ஒட்டினால் பயனில்லை, சிவப்பு பச்சை விளக்கு இருந்தால் மொழியே வேண்டாம்.

டிரைவர் சாவி கொடுக்க மாட்டேன் என்பார். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். இரவெல்லாம் ஓட்டி வந்திருக்கிறார், உங்கள் கிடங்கில் அவருக்கு உட்கார இடம் இல்லை, கழிப்பறைக்கு செக்யூரிட்டி விட மாட்டார், கேபின்தான் அவர் வீடு, வீட்டுச் சாவியைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஒரு அறை, ஒரு ஃபேன், குடிதண்ணீர், நாலு பெஞ்ச். இது கருணை என்று சொல்லிக் கேட்காதீர்கள், டாக் பாதுகாப்புச் செலவில் எழுதுங்கள். டிரைவர் கேபினில் இல்லை என்றால் லாரி தானாகக் கிளம்பாது.

சாவி மட்டும் போதாது, மாற்றுச் சாவி வைத்திருப்பவர்கள் உண்டு. கட்டை போட வேண்டும். டாக்கில் பின்பக்கமாக ஒட்டிய லாரிக்குப் பின் சக்கரத்தின் முன்னால், இரண்டு பக்கமும். கருங்கல் வைக்கிறார்கள், செங்கல் வைக்கிறார்கள், ஒரு இடத்தில் உடைந்த பேலட் துண்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். சக்கரத்தின் உயரத்தில் கால்வாசியாவது இருக்கிற ரப்பர் கட்டை வாங்கி, டாக் சுவரில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அது ஏதோ ஒரு லாரியில் ஏறி நாக்பூர் போய்விடும். பிரேக் போட்டிருக்கிறதே, கட்டை எதற்கு என்று டிரைவர் கேட்பார். பிஓபிடி உள்ளே போய் பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் லாரியை முன்னுக்கு ஒரு தள்ளு தள்ளுகிறது. ஒரு தள்ளில் ஒன்றும் தெரியாது. இருபது தடவை கழித்து டாக்கின் ரப்பருக்கும் லாரிக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி வந்திருக்கும், தகடு தளத்தில் பிடித்திருந்த 10 சென்டிமீட்டர் நாலாகியிருக்கும். நடுவில் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

குதிரையை, அதாவது இழுக்கிற முன்வண்டியைக் கழற்றிவிட்டு ட்ரெய்லரை மட்டும் நிறுத்திப் போகிற வழக்கம் உங்களிடம் இருந்தால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். முன்பக்கம் இரண்டு கால் மட்டும்தான் தாங்குகிறது, வண்டியும் லோடும் அந்தக் கால்களைத் தாண்டி மூக்குப் பக்கம் போனால் முன்னால் குடை சாயலாம், வெயிலில் இளகிய தாரிலோ மழையில் ஊறிய மண்ணிலோ கால் புதையலாம். மூக்குக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் உள்ளே போகக் கூடாது.

இப்போது கன்டெய்னருக்குள் வருவோம். கதவைத் திறக்கும்போது முதலில் வலது பக்கக் கதவு, அதையும் கொஞ்சமாக, உடம்பைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. சரக்கு சாய்ந்து கதவில் முட்டிக்கொண்டிருக்கலாம். பிறகு தளத்தை ஒரு ஆள் காலால் நடந்து பார்க்க வேண்டும், கையில் டார்ச்சோடு. கன்டெய்னர் தளம் 28 மில்லிமீட்டர் பிளைவுட், பழையதில் ஊறி உப்பி ஓட்டை விழுந்திருக்கும். பேலட் டிரக்கின் முன் உருளைகள் உள்ளங்கை அளவு, மொத்த எடையில் பாதிக்கு மேல் அந்தச் சின்ன உருளைகளில்தான் நிற்கிறது, லாரி டயர் தாண்டுகிற ஓட்டையில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வெளிச்சம். வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் நாலைந்து விநாடி கண் தெரியாது, அந்த நாலைந்து விநாடியில்தான் ஆள் தகட்டின் மேல் இருக்கிறான். டாக்கில் உள்நோக்கி ஒரு விளக்கு போடுங்கள், இது மலிவான செலவு, உடனே செய்யலாம்.

ஃபோர்க்கின் நீளத்தையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் 1150 மில்லிமீட்டர் இருக்கும். 1200 பக்கமாகப் பேலட் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. 1000 பக்கமாக வைத்திருந்தால் முனை 15 சென்டிமீட்டர் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு பின்னால் இருக்கும் பேலட்டுக்கு அடியில் போய்விடும், தூக்கினால் அதுவும் சேர்ந்து நெம்பும், மேலே அடுக்கியது சரியும். ஃபோர்க்கின் மேல் 1000 பேலட்டுக்கு எது எல்லை என்று மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, பையன் குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

வண்டி உள்ளே இருக்கும்போது வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது. பேலட்டுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே கிடைக்கிற சந்தில் நின்றுகொண்டு “வா வா, கொஞ்சம் லெஃப்ட்” என்று ஒருவன் சைகை காட்டுவான், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. அந்தச் சந்து ஒரு அடி. பேலட் கோணினால் அவனுக்கு ஒதுங்க இடமில்லை.

வண்டியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் காலையில் கிடைக்கிற அந்தப் பத்து நிமிடத்தை இதற்குச் செலவு செய்யுங்கள், பேச்சுக்கு வேண்டாம். கைப்பிடியைக் கீழே சாய்த்து விடுங்கள், கையை எடுத்தால் அது தானாக எழுந்து நேராக நிற்க வேண்டும், நின்றால் பிரேக் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பாதியிலேயே தொங்கும், அதாவது ஆள் கையை விட்டாலும் பிரேக் இல்லை. அப்படி இருந்தால் அன்றைக்கு வண்டி கிடையாது, சாவியைப் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து கைப்பிடியின் நுனியில் பெரிய பொத்தான் ஒன்று இருக்கும், ஆள் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டினால் அது வயிற்றில் அழுந்தி வண்டியை எதிர்ப்பக்கம் ஓட வைக்கும். அதைத் திறந்த இடத்தில், வண்டி மெதுவாக உங்களை நோக்கி வரும்போது உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், வயிற்றால் வேண்டாம். சட்டென்று திரும்பி ஓட வேண்டும். உங்கள் பையனின் காலை இது ஏன் காப்பாற்றவில்லை என்று யாராவது கேட்கலாம், அது வயிற்றுக்காக வைத்தது, காலுக்கு அல்ல, பின்னோக்கி நடக்கிறவனின் கால் வயிற்றுக்கு முன்னாலேயே போய் மாட்டும். அப்புறம் சிவப்பு எமர்ஜென்சி பொத்தான், அப்புறம் ஹாரன். ஆமைப் படம் போட்ட பொத்தான் பெரும்பாலான வண்டிகளில் உண்டு, அழுத்தினால் நத்தை வேகம்தான். கன்டெய்னர் வாயில் தாண்டியதும் ஆமை என்று பழக்குங்கள், தகட்டிலும் ஆமைதான்.

வண்டி மேல் ஏறி நின்று சவாரி போகிறார்களா? எழுதவில்லை, ஆனால் போவார்கள். நடந்து ஓட்டும் வண்டியில் நிற்க இடமே கிடையாது, பேட்டரி மூடி மேல் ஒரு கால், ஃபோர்க் மேல் ஒரு கால்.

யார் ஓட்டலாம் என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். கையில் கிடைத்தவன் எடுக்கிற வரை வேறு எதைச் செய்தும் பயனில்லை. பயிற்சிக்கு நான் செய்வது இது: கிடங்கில் காலி இடத்தில் 2.35 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு கன்டெய்னர் வரைவேன். அதற்குள் காலி பேலட்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கி, கோட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்வேன். முதல் நாள் எல்லோரும் சுவரை இடிப்பார்கள், சிரிப்பார்கள், இடிக்க இடிக்கத்தான் கைப்பிடியைத் திருப்பினால் வண்டியின் பின்பகுதி எவ்வளவு வீசும் என்று உடம்புக்குத் தெரியும். மூன்று நாளில் தொடாமல் எடுப்பான். பிறகு பாதி லோடு, பிறகுதான் நிஜக் கன்டெய்னர். வாயால் சொல்லிக்கொடுத்து இது வராது.

ஷூ. கான்ட்ராக்ட் பையன்கள் செருப்போடு டாக்கில் நிற்கிறார்களா? ஐ.எஸ். 15298 (பகுதி 2) முத்திரை உள்ள ஷூவில் விரலை மூடும் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்று கணக்கு. அது இருந்திருந்தால் இரண்டு விரல் தப்பித்திருக்கலாம். ஆனால் விரலைத் தாண்டி ஏறியிருந்தால் ஷூவும் கைவிட்டிருக்கும், அதனால் ஷூ கொடுத்துவிட்டோம் என்று தகட்டை மறக்க விடாதீர்கள்.

கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள், அதில் எனக்குக் கோபம். சம்பளம் மாதம் 21,000க்குள் இருந்தால், கிடங்கு ஈ.எஸ்.ஐ. எல்லைக்குள் வந்தால், வேலையில் பட்ட காயத்துக்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும், அதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்கிற நிபந்தனையும் இல்லை, முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்கும் உண்டு. கணக்கில் வராமல் கையில் காசு கொடுத்து அனுப்பினால் நாளைக்கு அந்த விரல் மடங்காமல் போகும்போது எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? விபத்து அறிக்கை போனதா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள், போகாவிட்டால் இப்போதாவது அனுப்பச் சொல்லுங்கள். கான்ட்ராக்ட் ஆள் என்று உங்கள் கம்பெனி கையை உதற முடியாது, முதன்மை வேலையளிப்பவர் என்ற பொறுப்பு அவர்களுக்கும் இருக்கிறது.

மேனேஜரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் இருக்கிறது. அறிக்கை தப்பு என்று போய் நிற்காதீர்கள், யாரும் தன் கையெழுத்தைத் தானே அடிக்க மாட்டார்கள். வண்டியின் புத்தகத்தில் இருக்கிற அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். தகட்டை அளவு நாடா வைத்துப் போட்டோ எடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் அச்செடுத்து, ‘லோடோடு இவ்வளவுதான் ஏறலாம், நம்முடையது இவ்வளவு’ என்று ஒரு வரி எழுதி மேஜையில் வைத்துவிட்டு வாருங்கள். கவனக்குறைவு என்ற வார்த்தையை நீங்கள் எடுக்கவே வேண்டாம்.

உங்களிடம் எத்தனை டாக் இருக்கிறது, எல்லாம் ஒரே உயரமா என்று எழுதவில்லை. அளந்து அனுப்புங்கள், கூடவே வருகிற லாரிகளின் தள உயரத்தை ஒரு வாரத்துக்கு, லோடு இறங்கும் முன்னும் பின்னும் குறித்து அனுப்புங்கள். ஒரு டாக் கொஞ்சம் உயரமாக இருந்தாலும் கன்டெய்னர்களை எல்லாம் அதற்குத் திருப்பிவிட்டு, லெவலர் வருகிற வரை ஓரளவு சமாளிக்கலாம். அந்தப் பையன் திரும்பி வந்துவிட்டானா? வந்தால் முதல் வாரம் டாக் பக்கம் விடாதீர்கள், சாக்பீஸ் கன்டெய்னரில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவனையே நிறுத்துங்கள்.